ஆறும் பெருவழியும் நடுத்திட்டும்: பாதசாரி பாதுகாப்பு விதிகளின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எனினும் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சியை வலிகாமத்திலிருந்து பிரித்துக் கிடக்கும் கடனீரேரி கடலோடு கலக்குமிடத்துக்குத் தொண்டைமானாறு என்னும் பெயர் வழங்கிவருகிறது. முதலாங் குலோத்துங்கன் காலத்தில் கலிங்கப் போரை நடத்திய படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பை ஏற்றிச்செல்லும் பொருட்டு இந்நீர்வழியை வெட்டித் திருத்துவித்தான் என்பது மரபுவழிக் கதை. கதையின் வரலாற்று மெய்ம்மை எவ்வாறாயினும், அது ஒரு பொருளியல் உண்மையை உட்கொண்டிருத்தல் கவனிக்கத்தக்கது. பண்டம் செல்வதற்கெனவே வழி வெட்டப்பட்டது. வழிக்கு அதை வெட்டியவர் பெயர் வாய்க்கவில்லை, வெட்டுவித்தவன் பெயரே வாய்த்தது.

தமிழில் ஆறு என்னும் சொல் நீரோட்டத்தையும் நடக்கும் வழியையும் ஒருங்கே குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரில் அமைந்துள்ளது இரண்டாவது பொருளே. ஆகவே தொண்டைமானாறு என்பதைத் தொண்டைமானின் வழி என்று வாசிப்பதற்கும் மொழி இடந்தருகிறது. அவ்வாறு வாசிக்கும்போது எழும் வினாவே இக்கட்டுரையின் பொருள். வழியில் நடப்போனின் பாதுகாப்புக்கென விதிக்கப்பட்ட விதிகள் வரலாற்றில் யாரைப் பாதுகாத்தன? விலகி நிற்கும் கடமையையும் எச்சரிக்கும் கடமையையும் அவை யார்மேற் சுமத்தின?

இவ்வினாவை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நகர வீதிகளின் நடுவே இரு திசைப் போக்குவரத்தையும் பிரித்து நிற்கும் நடுத்திட்டில் மனிதர் நிற்கலாமா, இருக்கலாமா, விற்கலாமா, இரக்கலாமா என்பது அண்மைக் காலத்தில் பல நாடுகளில் உள்ளூராட்சி விதிகளுக்கும் நீதிமன்ற வழக்குகளுக்கும் உரிய பொருளாகியுள்ளது. பார்வைக்கு இது பொறியியலாளருக்கும் போக்குவரத்துப் பொலிசாருக்கும் மாத்திரம் உரிய சிறு விடயம். ஆயினும் வீதி என்பது சமூக உறவுகள் மண்ணிற் பதிந்த வடிவம் என்ற நோக்கில் அணுகுவோமாயின், முழங்கால் உயரமுள்ள அந்தத் திட்டின்மீது நெடியதொரு வரலாறு நிற்பதைக் காணலாம்.

2

வழிப்போக்கரின் பாதுகாப்புப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அதன் பாட்டுடைத் தலைவனும் ஒரு தொண்டைமானே: காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். கருணாகரத் தொண்டைமானுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவனாகிய இவனது நாட்டில், வழிச்செல்வோரைத் தாக்கிக் கைப்பொருள் கவரும் கள்வர் இல்லை என்று பாணனுக்குக் கூறப்படுகிறது. பாட்டில் அதனையடுத்து உப்பு வாணிகராகிய உமணரின் வண்டிகளும், மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு செல்லும் வாணிகரும், சுங்கம் பெறும் பெருவழியை வில்லேந்திக் காக்கும் வீரரும் வருகின்றனர்.

இவ்வைப்பு முறையை வெறும் வருணனையாகக் கொள்ளுதல் போதாது. வறிய பாணனுக்குக் கிட்டும் பாதுகாப்பு, சுங்கம் செலுத்தும் பண்டத்துக்கு அளிக்கப்படும் பாதுகாப்பின் உடன்விளைவாகவே அமைகிறது. அரசுருவாக்கத்தின் தொடக்க நிலையில், வணிகத்தின் உபரியிற் பங்குபெற்ற அதிகாரம் வணிகப் பாதையைக் காத்தது. அப்பாதையிலேயே பாணனும் நடந்தான். எனினும் ஒன்று குறிப்பிடப்பட வேண்டும். இங்கே பாதுகாக்கும் கடமை ஆள்வோனுடையது. நடப்போன் விலகவேண்டும், ஒதுங்கவேண்டும், ஒலியெழுப்பித் தன் வரவை அறிவிக்கவேண்டும் என்று அவனிடம் எதுவும் கோரப்படவில்லை. புலவர் கூறுவது இலட்சியப்படுத்தப்பட்ட நிலையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சமூகம் எதனை இலட்சியமாகக் கொண்டது என்பதும் வரலாற்றுச் சான்றேயாகும்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் வீதிகள் வேறொரு தேவையின் அடிப்படையில் உருவாயின. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைகளைத் தொடர்ந்து 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வீதிகள் தேவைப்பட்டன. 1848 இல் தேசாதிபதி ரொறிங்டனின் ஆட்சியில் வந்த 8ஆம் இலக்க வீதிக் கட்டளைச்சட்டம், வயது வந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் செலுத்தவேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஊழியம் நீடித்தது. 1861 ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க வீதிகள் கட்டளைச்சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரின் ஆறு நாள் உழைப்பை, அல்லது அதற்கீடான பணத்தை, மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களின் கையில் ஒப்படைத்தது.

ஷில்லிங் உள்ளவன் பணத்தைக் கொடுத்து நீங்கினான். இல்லாதவன் மண்வெட்டியோடு நின்றான். சட்டத்தின் சொற்கள் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றின் சுமை ஏழையின் தோளில் இறங்கியது. குதிரை வண்டியில் ஏறாதவனும் கோப்பி விற்காதவனும் தன் உடலால் வீதி சமைத்தான். பின்னாளில் வீதியோரத்துக்கு ஒதுங்குமாறு பணிக்கப்பட்டவன் அவனது பேரனே.

வீதி சமைத்தோரைப் போன்றே அதில் நடந்தோரையும் நாம் மறத்தலாகாது. 1840களில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், வரண்ட வன்னிக் காடுகளினூடாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தோர் எண்ணற்றோர். இலங்கையின் நவீன பொருளாதாரம் பாதசாரிகளின் கால்களில் ஏறி வந்தது என்பது மிகைக்கூற்றாகாது. அக்கால்களுக்கெனப் பாதுகாப்பு விதி எதுவும் அப்போது இயற்றப்படவில்லை.

ஆனால் கால்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1841 ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், உழைத்துப் பிழைக்க இயன்றிருந்தும் அவ்வாறு செய்யாது தெருவிலும் பொதுவிடத்திலும் நின்று இரப்பவனைச் சோம்பேறியும் ஒழுங்கற்றவனும் எனக் கருதித் தண்டித்தது. 1824 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட இவ்வகைச் சட்டத்தின் வழியே இதுவும் வந்தது. நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டோரைக் கூலியுழைப்புக்குப் பழக்குவதற்கு இத்தகைய சட்டங்கள் எவ்வாறு பயன்பட்டன என்பதை மார்க்ஸ் மூலதனத்தின் முதலாந் தொகுதியில் இங்கிலாந்தின் வரலாற்றைக் கொண்டு விரிவாக விளக்கியுள்ளார்.

இலங்கைச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. சமயக் குருவும், சமய விரதத்தை நிறைவேற்றும் யாத்திரிகரும் இக்குற்றத்துக்கு ஆளாகார். இவ்விலக்கின் உட்பொருளை அறிவதற்குத் தொண்டைமானாற்றைக் காட்டிலும் பொருத்தமான இடமில்லை. ஆற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் ஆலயம், பிராமணரல்லாத பூசகர் வாய்கட்டிப் பூசைசெய்யும் மரபையுடையது. சின்னக் கதிர்காமம் என்றும் அன்னதானக் கந்தன் இருப்பிடம் என்றும் மக்கள் அதனைப் போற்றுவர். கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை இங்கிருந்தே புறப்படுவது மரபு. குடாநாட்டிலிருந்து கீழைக்கரை வழியாகத் தீவின் தென்கிழக்கு மூலை வரை வாரக்கணக்கில் நடந்து, ஊரூராக உண்டு உறங்கிச் செல்லும் அடியாரையும், பசியால் ஊரூராகச் செல்லும் ஏழையையும் தெருவில் நிற்கும் பொலிஸ்காரர் எவ்வாறு வேறுபடுத்துவார்? இருவர் கையிலும் ஏனம். இருவர் காலிலும் புழுதி. மடத்துப் பந்தியில் இருவருக்கும் ஒரே சோறு. சட்டத்துக்கு மாத்திரம் ஒருவர் யாத்திரிகர், மற்றவர் குற்றவாளி. நடக்கும் செயலைச் சட்டம் தண்டிக்கவில்லை, நடப்பவனின் வறுமையையே தண்டித்தது என்பதற்கு இவ்விலக்கே சான்று.

4

அந்நிய ஆட்சியின் சட்டங்களை மாத்திரம் குறைகூறி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. எழுதப்படாத வீதி விதிகள் யாழ்ப்பாணச் சமூகத்துக்குள்ளேயே வலுவாக நிலவின. பஞ்சமர் என ஒடுக்கப்பட்ட மக்கள் செருப்பணிதலும் குடை பிடித்தலும் சைக்கிள் வைத்திருத்தலும் பஸ்ஸில் ஆசனத்தில் அமர்தலும் இருபதாம் நூற்றாண்டிலும் தடுக்கப்பட்டிருந்தன. துரும்பர் எனப்பட்டோர் பகலில் வெளிவரலாகாது என்றும், நடக்கும்போது பனையோலையைத் தரையில் இழுத்து அதன் ஓசையால் தம் வரவை அறிவிக்கவேண்டும் என்றும் வழக்கமிருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

இத்தடைகளைப் போக்குவரத்தின் நோக்கிலிருந்து மீளவும் நோக்குவோம். செருப்பில்லை, குடையில்லை, சைக்கிளில்லை, ஆசனமில்லை. ஒரு மனிதனை என்றென்றும் பாதசாரியாகவே, அதிலும் வெறுங்காற் பாதசாரியாகவே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. ஆகவே பாதசாரி என்பது யாரும் எந்நேரமும் பூணக்கூடிய பொதுப்பெயர் என்று நாம் எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாணத்தில் அது நெடுங்காலம் ஒரு சமூகத் தகுதியைக் குறித்தது. பனையோலையின் ஓசையோ இன்னொரு செய்தியைத் தருகிறது: எச்சரிக்கும் கடமை இங்கே ஒடுக்கப்பட்டவனுடையது. தீட்டு என்ற கற்பனை ஆபத்திலிருந்து மேலோரைப் பாதுகாக்கக் கீழோன் ஒலியெழுப்ப வேண்டியிருந்தது.

திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச்சில் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஈ. வெ. இராமசாமி முதலியோர் சிறைசென்ற பின்னர், 1925 இல் ஓரளவு உடன்பாட்டோடு முடிவுற்றது. யாழ்ப்பாணத்தில் 1957 ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டில் உரிமை வழங்கியது. அவ்வுரிமையை வீதியில் நாட்டியது மக்களியக்கமே. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தடியடியால் எதிர்கொண்டனர். ஊர்வலம் கலைந்துவிடாது தொடர்ந்து நகரை அடைந்தது. செருப்பும் குடையும் மறுக்கப்பட்டவர்கள் பிரதான வீதியின் நடுவிலே, வரிசையாக, தலைநிமிர்ந்து நடந்தமையே அந்நிகழ்ச்சியின் உட்பொருள். 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் தொடர்ந்த போராட்டத்துக்கும், 1972 இல் வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் நாவலுக்கும் பின்னணியாக அமைந்தது இவ்வெழுச்சியே.

5

மோட்டார் வாகனத்தின் வருகை இவ்வரலாற்றில் புதியதொரு கட்டத்தைத் தோற்றுவித்தது. தொடக்கத்தில் இயந்திரமே சந்தேகத்துக்குரியதாயிருந்தது. பிரித்தானியாவில் 1865 ஆம் ஆண்டுச் சட்டம், வீதியிற் செல்லும் நீராவி வண்டிக்கு முன்னால் அறுபது யார் தூரத்தில் ஓர் ஆள் செங்கொடியேந்தி நடக்கவேண்டும் என்றும், வேகம் நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைலையும் நகரில் இரண்டு மைலையும் மிஞ்சலாகாது என்றும் விதித்தது. குதிரைவண்டி முதலாளிகளினதும் புகையிரதக் கம்பனிகளினதும் நலன் இதன் பின்னணியில் இருந்தமையை மறுக்கவேண்டியதில்லை. எனினும் எச்சரிக்கும் கடமை இங்கே இயந்திரத்துக்குரியதாயிற்று. யாழ்ப்பாணத்துப் பனையோலையையும் இங்கிலாந்துச் செங்கொடியையும் அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும். ஒன்று நலிந்தவனை ஒலியெழுப்பச் செய்தது. மற்றது வலியதைக் கொடிகாட்டச் செய்தது.

செங்கொடி நெடுநாள் நிலைக்கவில்லை. 1896 நவம்பரில் அவ்விதிகள் தளர்த்தப்பட்டு வேக எல்லை பதினான்கு மைலாக உயர்ந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 17 இல், இலண்டன் பளிங்கு மாளிகை வளாகத்தில் பிரிட்ஜெற் டிறிஸ்கொல் என்ற பெண் மோட்டார் வண்டியில் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவில் அவ்வாறிறந்த முதலாவது பாதசாரி அவரே எனக் கொள்வர். அடுத்த கால் நூற்றாண்டில் எச்சரிக்கும் கடமை இயந்திரத்திடமிருந்து மனிதனுக்குக் கைமாறியது. அமெரிக்காவில் சின்சினாற்றி நகர மக்கள் 1923 இல் 42,000 கையொப்பங்களைத் திரட்டி, மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடமுடியாதவாறு கார்களின் இயந்திரத்திலேயே கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தவேண்டும் என்று கோரினர். கார் வணிகரின் பெரும் பிரசாரத்தின் முன் அக்கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. 1925 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம், கடவையல்லாத இடத்தில் வீதியைக் கடப்போரைக் கட்டுப்படுத்தும் விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. அவ்வாறு கடப்போரைக் குறிக்க அந்நாட்டில் வழங்கிய 'ஜேவோக்கர்' என்ற சொல்லின் முற்பாதி, நகர வழக்கம் அறியாத நாட்டுப்புறத்தான் என்னும் ஏளனப் பொருளுடையது. சட்டம் செய்த வேலையிற் பாதியை வசைச்சொல் செய்து முடித்தது. பாதசாரி தன் சாவுக்குத் தானே பொறுப்பாளியானான்.

இலங்கையில் 1938 ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் வாகனக் கட்டளைச்சட்டமும், அதன் பின்வந்த 1951 ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும், வீதி முதன்மையாக வாகனத்துக்குரியது என்ற கருத்து உலகெங்கும் வேரூன்றிய காலத்தின் பேறுகளேயாகும்.

6

நடுத்திட்டின் கதைக்கு இப்போது வரலாம். அதன் மூதாதை, 1860களில் இலிவர்ப்பூலிலும் இலண்டனிலும் வீதிநடுவே அமைக்கப்பட்ட ஒதுங்கிடங்கள். வண்டிகள் மலிந்த அகன்ற தெருவை ஒரே மூச்சிற் கடக்க இயலாதவர் இடையில் நின்று இளைப்பாறவே அவை எழுந்தன.

அதன் பயனை எளிய கணக்கால் விளக்கலாம். ஒவ்வொன்றும் மூன்றரை மீற்றர் அகலமுள்ள நான்கு நிரல்களைக் கொண்ட வீதியைக் கடக்கப் பதினான்கு மீற்றர் நடக்கவேண்டும். செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவருக்கு ஏறத்தாழ 12 செக்கனும், 0.8 மீற்றர் மாத்திரம் நடக்கவல்ல மூதாட்டிக்கு ஏறத்தாழ 17 செக்கனும் செல்லும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 17 செக்கனில் 230 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்துவிடும். அவ்வளவு தொலைவில் இரு திசையிலும் வாகனமில்லாத தருணம் வாய்த்தாலன்றி அவர் காலடி வைக்கவியலாது. நடுவில் நின்றுகொள்ளத் தகுந்த அகலமுடைய திட்டொன்று இருப்பின், ஒரு வேளையில் ஒரு திசையை மாத்திரம் நோக்கி, ஏழு மீற்றரை மாத்திரம் கடந்தாற் போதும். ஆகவே நடுத்திட்டில் நிற்பதென்பது அங்கு தற்செயலாக நேர்வதன்று. அதற்கென்றே அது பிறந்தது.

பின்னர் அதன் தொழில் மாறியது. எதிரெதிர் வாகனங்கள் மோதாது காப்பதும், வேகம் தடைப்படாது ஓட வழிசெய்வதும் முதன்மை பெற்றன. பல இடங்களில் திட்டு ஒடுங்கிச் சுவராகியது. கம்பி வேலியும் ஏறியது. இதற்கிடையே வேலையற்றோரும் வீடற்றோரும் சிறுவிற்பனையாளரும் அத்திட்டைத் தமது பிழைப்பிடமாகக் கண்டனர். வாகனம் நிற்கும் சிவப்பு விளக்கின் சில நொடிகளே அவர்களது சந்தை. சொத்துடையோருக்குக் கடைத்தெரு உண்டு. சொத்தில்லாதோருக்கு எஞ்சியது வீதியின் நடு.

2013 இல் அமெரிக்காவின் மேயின் மாநிலத்துப் போட்லண்ட் நகரசபை, வீதியைக் கடப்பதற்கன்றி வேறெதற்கும் நடுத்திட்டில் நிற்றலும் இருத்தலும் தங்குதலும் கூடா என விதித்தது. கூறப்பட்ட காரணம் பொதுமக்களின் பாதுகாப்பு. 2015 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. ஆபத்து உண்மையில் எங்குள்ளதோ அங்கே குறுகிய விதிகளால் தீர்வு காணமுயலாது, நகரின் எல்லா நடுத்திட்டுகளையும் ஒருசேர மூடியது பேச்சுரிமைக்கு விரோதமானது என்பது அதன் தீர்ப்பின் சாரம். ஒக்லஹோமா நகரம் 2015 இல் இயற்றிய இத்தகைய விதிக்கும் 2020 இல் அதே கதி நேர்ந்தது. மறுபுறம், யூட்டா மாநிலத்துச் சாண்டி நகரின் விதி 2019 இல் நிலைநிறுத்தப்பட்டது. ஏனெனில் அது மிக ஒடுங்கிய அல்லது தளமிடப்படாத திட்டுகளை மாத்திரம் தடைசெய்தது. இத்தீர்ப்புகளை நாம் போற்றிப் புகழவேண்டியதில்லை. இரப்போனின் பேச்சுரிமையைக் காத்த நீதிமன்றம், அவன் ஏன் இரக்கிறான் என்று கேட்கும் அதிகாரத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளித்துவச் சட்டத்தின் எல்லை அது. எனினும் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் எல்லாம் முடிந்துவிடாது, ஆபத்தை நிறுவிக்காட்டவேண்டும் என்ற கோட்பாடு கைக்கொள்ளத்தக்கது.

நம் நாட்டுக்கு இது அந்நியமானதன்று. 2021 இன் தொடக்கத்தில், கொழும்பின் சமிக்ஞை விளக்குச் சந்திகளில் யாசகம் பெறுவோர்மீதும் பொருள் விற்போர்மீதும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் சாரதிகள்மீதும் நடவடிக்கை எடுக்கப்படுமெனப் பொலிசார் அறிவித்தனர். பெருந்தொற்றால் நாட்கூலிகள் நலிந்திருந்த காலம் அது. 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் 180 ஆண்டுகளின் பின்னும் வீதிநடுவில் விழுந்து கிடந்தது.

7

தொண்டைமானாற்றுக்கு மீள்வோம். இங்கே நடுத்திட்டு அமைக்குமளவுக்கு அகன்ற வீதி இல்லை. ஆனால் பாதுகாப்பின் பேரால் பாதசாரி விலக்கப்படுவதன் உச்சநிலையை இவ்வயலிலேயே காணலாம். பருத்தித்துறையிலிருந்து தொண்டைமானாற்றினூடாக மேற்கே பலாலி, பொன்னாலை நோக்கிச் செல்லும் கரையோர வீதியின் பெரும்பகுதி, 1990 இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு மக்களுக்கு மூடப்பட்டது. வீடும் வயலும் கடற்றொழிலும் இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்தன. போர் 2009 இல் முடிந்த பின்னர் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 35 ஆண்டுகளின் பின் திறக்கப்பட்டபோது, விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் சில நம் பொருளுக்கு நேரடியாக உரியவை: பகல்வேளையில் மாத்திரம் செல்லலாம், இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, படம் பிடிக்கலாகாது, நடந்து செல்லலாகாது.

வீதி திறக்கப்பட்டது, நடப்பதற்கு மாத்திரம் மூடியே இருந்தது. நடப்பவன் மெதுவாகச் செல்வான்; மெதுவாகச் செல்பவன் பார்ப்பான்; பார்ப்பவன் தன் வீட்டின் அத்திவாரத்தையும் கிணற்றையும் அடையாளங் காண்பான். ஆங்கிலத்தில் விபத்திலிருந்து பெறும் பாதுகாப்புக்கும் படைக்காவலாகிய பாதுகாப்புக்கும் வெவ்வேறு சொற்கள் உள. தமிழில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. இதனை மொழியின் வறுமை எனக் கொள்ளவேண்டியதில்லை. வீதிப் பாதுகாப்பு என்றும் உயர் பாதுகாப்பு வலயம் என்றும் ஒரே சொல்லைக் கேட்டுப் பழகிய நம் மக்களுக்கு, யாருடைய பாதுகாப்பு என்ற வினா இயல்பாகவே எழுகிறது. அவ்வினாவை ஆய்வாளரும் விடாது எழுப்பவேண்டும்.

8

இத்துணையும் கூறியதால் பாதசாரி பாதுகாப்பு வெறும் பொய்ச்சாட்டு என்பது நம் கருத்தென்று கொள்ளலாகாது. உலக சுகாதார தாபனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களுள் நான்கிலொரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானோர் பாதசாரிகள். இம்மரணங்களிற் பெரும்பாலானவை வறிய, இடைநிலை வருமான நாடுகளுக்குரியவை. 2020 இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக மாநாடு, பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லுமிடங்களில் வேக எல்லை மணிக்கு 30 கிலோமீற்றராக இருக்கவேண்டுமென விதந்துரைத்தது. இது, மறக்கப்பட்ட செங்கொடிக்கு ஒருவகையில் மீள்வதாகும். கட்டுப்படவேண்டியது வேகம் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

உள்ளூராட்சி மன்றங்களுக்கு உபவிதி இயற்றும் அதிகாரம் உண்டு. வீதிகளோ பிரிந்து கிடக்கின்றன. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், அடுத்த தரத்தன மாகாணத் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் நகரசபை அல்லது பிரதேசசபைக்கும் உரியன. நடப்பவன் ஒருவனே, அவன் காலடி வைக்கும் வீதிக்கோ மூன்று உடைமையாளர். போருக்குப் பின் குடாநாட்டின் பெருவீதிகள் அகலமாகவும் வழுவழுப்பாகவும் புதுக்கப்பட்டு, வேகமும் பெருகியுள்ள இந்நாளில், அவ்வீதிகளுக்கென இயற்றப்படும் ஒவ்வொரு விதியையும் மூன்று உரைகல்லில் உரைத்துப்பார்க்கலாம். அது குறிப்பிடும் ஆபத்து உண்மையில் நிறுவப்பட்டதா? கடமை வேகத்தின்மீது விழுகிறதா, காலின்மீது விழுகிறதா? விலக்கப்படுவோரின் பிழைப்புக்கு மாற்று உண்டா? திட்டில் நின்று கச்சான் விற்கும் பெண்ணை அகற்றும் விதி, அவளுக்குச் சந்தையில் ஓரிடம் தராதவரை, அவளைப் பாதுகாக்கும் விதியாகாது. ஒரு மூதாட்டி நின்று இளைப்பாறும் அகலம் இல்லாத நடுத்திட்டு, நடப்போருக்கென அமைத்த திட்டாகாது.

யாழ்ப்பாணத் தமிழில் வீதி என்பது ஆலயத்தைச் சூழ்ந்த சுற்றுவழிக்கும் பெயர். ஆவணித் திருவிழாவின்போது சந்நிதியில் தேர் நகரும் நாளில், வாகனம் ஒதுங்கி நிற்க, வீதி முழுவதும் நடப்போர் கைக்கு வந்துவிடுகிறது. இதனைப் பொற்காலத்தின் எச்சமென நாம் புனைந்துரைக்கவில்லை. குடாநாட்டின் பல ஆலய வீதிகள் ஒடுக்கப்பட்டோருக்கு மூடிக்கிடந்த வரலாற்றை மேலே கண்டோம். அவ்வீதிகளும் நடந்தே திறக்கப்பட்டன. வீதி யாருக்குரியது என்பது சட்டநூலில் ஒருமுறை எழுதி முடிக்கப்படும் செய்தியன்று. அது ஒவ்வொரு காலத்திலும் நடப்போரால் மீளவும் கோரிப் பெறப்பட்டுள்ளது. பாதசாரி பாதுகாப்புப் பற்றிய விதிகளை இயற்றுவோர், நடப்போரை அவையில் அமர்த்தி அவர்தம் சொல்லைக் கேட்பதிலிருந்தே தொடங்கவேண்டும்.